அப்பாவுக்காக ஒரு கோல்!

கோல் அடித்த கால்பந்து வீரர் என்ன செய்வார்? கைகளை விரித்துக்கொண்டு ஓடுவார். புல்தரையில் முழங்காலால் சறுக்குவார். சிலர் குட்டிக்கரணம்கூடப் போடுவார்கள். நீங்களும் பள்ளி மைதானத்தில் இதையெல்லாம் செய்து பார்த்திருப்பீர்கள்தானே?

2023 நவம்பர் 5-ஆம் தேதி இங்கிலாந்தின் லூட்டன் நகரில் ஒரு வீரர் கோல் அடித்தார். ஆட்டம் முடியப்போகிற நேரம். தோற்றுக்கொண்டிருந்த அவருடைய அணியைக் காப்பாற்றிய கோல் அது. ஆனால் அவர் ஓடவில்லை, சறுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. மேல்சட்டையைத் தூக்கினார். உள்ளே போட்டிருந்த பனியனில் ஸ்பானிய மொழியில் மூன்றே மூன்று வார்த்தைகள் இருந்தன.

'லிபெர்தாத் பாரா பாப்பா.'

'அப்பாவுக்கு விடுதலை' என்று அர்த்தம்.

அந்த வீரரின் பெயர் லூயிஸ் டியாஸ். தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டுக்காரர். இங்கிலாந்தின் புகழ்பெற்ற லிவர்பூல் கிளப்பில் அப்போது விளையாடிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவைத் துப்பாக்கிக்காரர்கள் கடத்திக்கொண்டு போய் அன்றோடு எட்டு நாள் ஆகியிருந்தது. அப்பா எந்த மலையில், எந்தக் காட்டில் இருக்கிறார் என்றே தெரியாத நிலையில்தான் அவர் மைதானத்துக்கு வந்திருந்தார்.

வீட்டில் இப்படி ஒரு துயரம் நடக்கும்போது ஒருவரால் எப்படிப் பந்து விளையாட முடிகிறது? பலருக்கும் இந்தக் கேள்வி வந்தது. உங்களுக்கும் வருகிறது அல்லவா? வாருங்கள், முதலில் அவருடைய ஊருக்குப் போய்விட்டு வருவோம்.

காற்று வீசும் ஊர்

உலக வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவின் வட உச்சியில், கரீபியன் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருப்பதுபோல ஒரு தீபகற்பம் தெரியும். அதுதான் லா குவாஹிரா. கடலோரம் முழுக்கப் பாலைவனம். மழை மிகக் குறைவு. காற்று மட்டும் ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கும். இந்தப் பகுதியின் தெற்கே, இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர்தான் பர்ராங்காஸ். 1997 ஜனவரி 13 அன்று லூயிஸ் டியாஸ் பிறந்தது இங்கேதான்.

ஊருக்குப் பக்கத்திலேயே உலகின் மிகப் பெரிய நிலக்கரிச் சுரங்கங்களில் ஒன்று இருக்கிறது. செர்ரெஹோன் என்று பெயர். மேலே திறந்தே இருக்கும் சுரங்கம் அது. அங்கே வெட்டும் நிலக்கரியைக் கடற்கரைக்குக் கொண்டுபோக 150 கிலோமீட்டர் தூரத்துக்குத் தனியாக ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். பூமிக்கடியில் இவ்வளவு செல்வம். ஆனால் பூமிக்கு மேலே குடிக்கத் தண்ணீருக்கே தவிக்கும் குடும்பங்கள்! கொலம்பியாவின் ஏழ்மையான பகுதிகளில் லா குவாஹிராவும் ஒன்று.

இங்கே காலம் காலமாக வாழும் பழங்குடி மக்கள் வாயூ இனத்தவர். பளிச்சென்ற நிறங்களில் பைகளும் தொங்கு ஊஞ்சல்களும் பின்னுவதில் கெட்டிக்காரர்கள். நெசவை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் தெரியுமா? ஒரு சிலந்தி! அப்படித்தான் அவர்களுடைய பழங்கதை சொல்கிறது. லூயிஸ் டியாஸும் வாயூ இனத்தவர்தான்.

அவருடைய அப்பாவின் பெயர் லூயிஸ் மானுவல் டியாஸ். ஊரில் எல்லோரும் 'மானே' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். கால்பந்து என்றால் அவருக்கு உயிர். உள்ளூர்ச் சிறுவர்களுக்காக ஒரு கால்பந்துப் பயிற்சிப் பள்ளியை நடத்திவந்தார். அந்தப் பள்ளியில் பந்தை உதைக்கக் கற்றுக்கொண்டவர்களில் அவருடைய மகனும் ஒருவர். ஆக, லூயிஸ் டியாஸுக்கு அப்பா வெறும் அப்பா மட்டும் இல்லை. அவருடைய முதல் பயிற்சியாளரும் அவர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒல்லிக்குச்சி உடம்புக்காரன்

2015-இல் தென் அமெரிக்கப் பழங்குடி மக்களுக்காகச் சிலி நாட்டில் ஒரு கால்பந்துப் போட்டி நடந்தது. அதில் கொலம்பியாவின் பழங்குடியினர் அணியில் 18 வயது லூயிஸும் இடம் பிடித்தார். அணி இறுதி ஆட்டம் வரை போய் பராகுவேயிடம் தோற்றது. ஆனால் இடப்பக்க ஓரத்தில் காற்றாக ஓடிய அந்தப் பையனைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை.

ஒரே ஒரு பிரச்சினை. பையன் ரொம்பவே ஒல்லி! பெரிய ஊரான பரான்கியாவுக்கு வந்து கிளப்பில் சேர்ந்தபோது, முதல் வேலையாகச் சாப்பாட்டைக் கவனித்து உடம்பைத் தேற்ற வேண்டியிருந்தது. மற்றவர்கள் எடையைக் குறைக்கப் பாடுபடுவார்கள். இவர் எடையைக் கூட்டப் பாடுபட்டார்.

அதன்பிறகு எல்லாமே வேகம்தான். முதலில் இரண்டாம் நிலை அணி. பிறகு அதே நகரின் பெரிய அணியான ஜூனியர். 2019-இல் கடல் தாண்டிப் போர்ச்சுக்கல் நாட்டின் போர்ட்டோ கிளப். 2021 கோப்பா அமெரிக்கா போட்டியில் 4 கோல்கள்! அந்தப் போட்டியில் அத்தனை கோல் அடித்த இன்னொருவர் யார் என்று சொல்லவா? அர்ஜென்டினாவின் லயோனல் மெஸ்ஸி! அந்த 4 கோல்களில் ஒன்று, பிரேசிலுக்கு எதிராக அந்தரத்தில் படுத்தபடி கத்தரிக்கோல்போலக் காலை வீசி அடித்தது. 2022 ஜனவரியில் லிவர்பூல் அவரை வாங்கியது.

சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர்ப் பையன் உலகப் புகழ் பெற்றுவிட்டார். ஆனால் அப்பாவும் அம்மாவும் இங்கிலாந்துக்குக் குடிபோய்விடவில்லை. பர்ராங்காஸிலேயே இருந்தார்கள்.

பெட்ரோல் பங்கில் நடந்தது

2023 அக்டோபர் 28, சனிக்கிழமை. அப்பாவும் அம்மாவும் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். பர்ராங்காஸில் ஒரு பெட்ரோல் பங்க் அருகே மோட்டார் சைக்கிள்களில் வந்த துப்பாக்கிக்காரர்கள் அவர்களை மடக்கிக் கடத்திக்கொண்டு போனார்கள்.

செய்தி தீயாகப் பரவியது. போலீசார் சாலைகளை அடைத்துத் தேடினார்கள். சில மணி நேரத்திலேயே அம்மா மீட்கப்பட்டார். ஆனால் அப்பாவைக் காணோம்! அவரை வெனிசுவேலா நாட்டின் எல்லையை ஒட்டிய பெரிஹா மலைத்தொடர் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். அடர்ந்த காடு, ஓயாத மழை, செங்குத்தான பாதைகள். எல்லையைத் தாண்டிவிட்டால் தேடுவது இன்னும் கஷ்டம். ராணுவ வீரர்களும் போலீசாரும் ஹெலிகாப்டர்களோடு இறங்கினார்கள். தகவல் கொடுப்பவர்களுக்குப் பரிசுப்பணம் அறிவிக்கப்பட்டது. பர்ராங்காஸ் மக்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனார்கள். தங்கள் 'மானே'யை விட்டுவிடுங்கள் என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை.

மகன் எங்கே இருந்தார்? ஒரு பெருங்கடலுக்கு அப்பால், லிவர்பூலில். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவருடைய அணிக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியோடு ஆட்டம் இருந்தது. அவர் விளையாடவில்லை.

அந்த ஆட்டத்தில் ஒரு காட்சி. 31-ஆவது நிமிடத்தில் லிவர்பூலின் போர்ச்சுக்கீசிய வீரர் டியோகோ ஜோட்டா கோல் அடித்தார். கோல் அடித்தவர் நேராக மைதான ஓரத்துக்கு ஓடினார். அங்கே தயாராக இருந்த ஒரு சட்டையை வாங்கி, கூட்டத்தைப் பார்த்து உயரத் தூக்கிப் பிடித்தார். முதுகில் டியாஸ் என்ற பெயர். அதற்குக் கீழே எண் 7. 'நீ இங்கே இல்லாவிட்டாலும் எங்களோடுதான் இருக்கிறாய்' என்று வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. லிவர்பூல் 3-0 என்று வென்றது. அணியின் ஜெர்மானியப் பயிற்சியாளர் யூர்கன் க்ளோப் ஆட்டம் முடிந்து பேசியபோது, ஓர் ஆட்டத்துக்குத் தயாராவது இவ்வளவு கஷ்டமாக இருந்ததே இல்லை என்ற பொருளில் பேசினார்.

அடுத்து நடந்த ஆட்டத்திலும் டியாஸ் இல்லை.

யார் கடத்தினார்கள்?

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கொலம்பியாவில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அரசாங்கத்துக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் சண்டை நடந்துவருகிறது. 1964-இல் தொடங்கப்பட்ட 'தேசிய விடுதலைப் படை' அந்தக் குழுக்களில் ஒன்று. பெயரைப் பார்த்தீர்களா? பெயரில் விடுதலை இருக்கிறது. செய்ததோ ஒரு வயதான பயிற்சியாளரைப் பிடித்து வைத்தது!

பணத்துக்காக ஆட்களைக் கடத்துவது அங்கே பெரிய கொடுமை. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஓர் ஆண்டில் மூவாயிரம் பேருக்கு மேல் கடத்தப்பட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இது பெருமளவு குறைந்தது. 2023-இல் இந்தக் குழுவும் அரசாங்கமும் சமாதானப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தன. ஆகஸ்ட் மாதம் முதல் சண்டை நிறுத்தமும் அமலில் இருந்தது. அந்த நேரத்தில்தான் இது நடந்தது.

கடத்தியது இந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள்தான் என்று நவம்பர் 2-ஆம் தேதி தெரியவந்தது. குழுவின் தலைமை, 'இது தவறு, அவரை விட்டுவிடுவோம்' என்றது. அப்பாடா என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. அப்பா வரவில்லை. மலையைச் சுற்றி ராணுவம் நிற்கிறது, அதனால்தான் தாமதம் என்றது குழு. சொல்லிவிட்டு இப்படி இழுத்தடிப்பது, காத்திருக்கும் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய வேதனை!

மலைக்குள் போன குரல்

இங்கே உங்களுக்கு ஒரு வானொலி நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொலம்பியர்கள் நிறைய பேருக்கு அந்தப் பனியன் வாசகத்தைப் பார்த்ததும் இது ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

1994-இல் எர்பின் ஓயோஸ் என்ற வானொலிப் பத்திரிகையாளரை ஓர் ஆயுதக் குழு கடத்தியது. காட்டில் அவர் இன்னொரு கைதியைப் பார்த்தார். நீண்ட நாள் சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்த அந்த மனிதரிடம் ஒரு சின்ன வானொலிப் பெட்டி இருந்தது. 'எங்களைப் பற்றி நீங்கள் ஏன் எதுவுமே பேசுவதில்லை?' என்பதுபோல அவர் ஓயோஸிடம் கேட்டாராம். அந்தக் கேள்வி ஓயோஸைக் குத்திவிட்டது. விடுதலையாகி வந்ததும் 'கடத்தப்பட்டோரின் குரல்கள்' என்ற பெயரில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன்னால் அது ஒலிபரப்பாகும். கடத்தப்பட்டவர்களின் மனைவி, குழந்தைகள், அம்மா எல்லோரும் வானொலி நிலையத்துக்குப் பேசுவார்கள். வீட்டில் நடந்ததையெல்லாம் சொல்வார்கள். 'நீ தைரியமாக இரு, நாங்கள் காத்திருக்கிறோம்' என்பார்கள். பதில் வராது. வரவும் முடியாது. ஆனாலும் வாரா வாரம் பேசுவார்கள். காட்டுக்குள் இருட்டில் காதில் வானொலியை வைத்துக்கொண்டு அந்தக் குரல்களைக் கேட்டுத்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தோம் என்று விடுதலையான பலரும் பிற்பாடு சொன்னார்கள். 2018 வரை அந்த நிகழ்ச்சி நடந்தது.

லூயிஸ் டியாஸ் செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தான். அவருக்கு வானொலி நிலையம் தேவைப்படவில்லை. உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்க்கும் ஒரு மைதானம் இருந்தது.

லூட்டனில் அந்த மாலை

நவம்பர் முதல் வாரத்தில் டியாஸ் பயிற்சிக்குத் திரும்பினார். ஆட வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆடாமல் இருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரே வந்தார்.

இதைப் படிக்கும்போது, 'அப்பா அங்கே தவிக்கும்போது இவருக்கு விளையாட்டு ஒரு கேடா?' என்று உங்களில் யாராவது நினைக்கலாம். தப்பில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் ஒரு மணி நேரமாக நீளும். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும்போதே நமக்கு அப்படித்தானே இருக்கிறது? அதுவுமில்லாமல், அவருக்குப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்ததே அந்த அப்பாதான். மைதானம் அப்பாவுக்கும் மகனுக்கும் பொதுவான வீடு மாதிரி.

நவம்பர் 5, ஞாயிறு. லூட்டன் டவுன் அணியின் கெனில்வொர்த் ரோடு மைதானம். பிரீமியர் லீக் மைதானங்களிலேயே அன்று மிகச் சின்னது அதுதான். ஒரு பக்கத்து நுழைவாயில் எப்படி இருக்கும் தெரியுமா? வரிசையாக இருக்கும் வீடுகளுக்கு அடியில் புகுந்து போக வேண்டும். மாடிப்படி ஏறினால் யாரோ வீட்டுக் கொல்லைப்புறம் கீழே தெரியும்! அவ்வளவு நெருக்கமான இடம்.

பலமான லிவர்பூல் சுலபமாக ஜெயித்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடந்ததோ வேறு. 80-ஆவது நிமிடத்தில் லூட்டன் கோல் அடித்தது. மைதானமே அதிர்ந்தது. 83-ஆவது நிமிடத்தில் க்ளோப் மாற்று ஆட்டக்காரராக டியாஸை இறக்கினார்.

90 நிமிடம் முடிந்தது. காயம், தாமதம் ஆகியவற்றுக்காகக் கூடுதலாகத் தரும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நம் நாட்டில் அப்போது நள்ளிரவை நெருங்கும் நேரம். பர்ராங்காஸில் பகல். ஐந்தாவது கூடுதல் நிமிடத்தில் ஹார்வி எலியட் வலப்பக்கமிருந்து கோல் பகுதிக்குள் பந்தைத் தூக்கி அனுப்பினார். கூட்டத்துக்கு நடுவே எகிறிக் குதித்துத் தலையால் முட்டினார் டியாஸ். கோல்! 1-1.

அப்புறம்தான் அந்தச் சட்டை மேலே போனது.

ஆட்டம் முடிந்த பிறகு இணையத்தில் ஓர் அறிக்கையும் வெளியிட்டார். இன்று பேசுவது கால்பந்து வீரன் அல்ல, லூயிஸ் மானுவல் டியாஸின் மகன் என்று அதைத் தொடங்கினார். அப்பாவை உடனே விடுவியுங்கள் என்று அந்தக் குழுவிடம் கேட்டார். உலக அமைப்புகள் தலையிட வேண்டும் என்று வேண்டினார்.

பனியனில் இருந்தது யாரையும் திட்டும் வாசகம் அல்ல. பழிவாங்குவேன் என்றும் இல்லை. அப்பா வேண்டும் என்பது மட்டும்தான். எந்த மொழிக்காரருக்கும் அது புரிந்தது. 'பாப்பா' என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

பேசாமல் ஆடிய இன்னொருவர்

இப்படி ஒரு நிலைமை கால்பந்து வீரர் ஒருவருக்கு வந்தது இது முதல் முறை அல்ல. நைஜீரியாவின் கேப்டனாக இருந்த ஜான் ஒபி மிகேலின் கதையைக் கேளுங்கள்.

2018 ஜூன் 26. ரஷ்யாவில் உலகக் கோப்பை. நைஜீரியாவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் முக்கியமான ஆட்டம். தொடங்கச் சில மணி நேரம்தான் இருந்தது. மைதானத்துக்குப் போகும் வழியில் மிகேலுக்குப் போன் வந்தது. அப்பாவைக் கடத்திவிட்டார்கள்! வெளியே சொன்னால் அப்பாவைச் சுட்டுவிடுவோம் என்று மிரட்டல் வேறு. 2011-இலும் அவருடைய அப்பா ஒருமுறை கடத்தப்பட்டு மீட்கப்பட்டிருந்தார். எவ்வளவு கொடுமை!

மிகேல் என்ன செய்தார்? யாரிடமும் மூச்சுவிடவில்லை. பயிற்சியாளருக்குத் தெரியாது. சக வீரர்களுக்கும் தெரியாது. முழு ஆட்டமும் ஆடினார். நைஜீரியா 2-1 என்று தோற்றது. பார்த்தவர்கள் அதை ஒரு சாதாரணத் தோல்வியாகத்தான் நினைத்தார்கள். ஜூலை 2-ஆம் தேதி நைஜீரியப் போலீசார் அவருடைய அப்பாவை மீட்டார்கள். அதற்குப் பிறகுதான் விஷயமே உலகத்துக்குத் தெரிந்தது.

ஒருவர் வாயைத் திறக்கவே இல்லை. இன்னொருவர் உலகம் பார்க்கச் சட்டையைத் தூக்கினார். இரண்டு பேருக்கும் நோக்கம் ஒன்றுதான். மிகேல் பேசியிருந்தால் அப்பாவின் உயிருக்கே ஆபத்து. டியாஸ் விஷயத்திலோ செய்தி ஏற்கெனவே ஊரறிந்தது. ஆகவே அது ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். தொலைவில் உட்கார்ந்திருக்கும் நாம் 'அவர் இப்படிச் செய்திருக்கலாமே' என்று சொல்வது ரொம்பச் சுலபம்.

பன்னிரண்டாவது நாள்

நவம்பர் 6-ஆம் தேதி, விடுதலைக்கு வழிவிடும் வகையில் மலைப்பகுதியில் படைகளை இடம் மாற்றுவதாக ராணுவம் அறிவித்தது. நவம்பர் 9-ஆம் தேதி, அதாவது பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு, ஐக்கிய நாடுகள் சபையின் பிரதிநிதிகளிடமும் கத்தோலிக்கத் திருச்சபையினரிடமும் லூயிஸ் மானுவல் டியாஸ் ஒப்படைக்கப்பட்டார். ஹெலிகாப்டரில் வாயெதுபார் என்ற நகரத்துக்கு வந்து இறங்கினார். மலைகளில் நடந்து நடந்து களைத்திருந்தார். அத்தனை இரவுகளிலும் சரியாகத் தூங்கவே முடியவில்லை என்றும் மழையும் பூச்சிக்கடியும் பாடாய்ப்படுத்தின என்றும் பிறகு சொன்னார்.

பர்ராங்காஸில் தெருவெல்லாம் திருவிழா! சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அதே நாள் மாலை லிவர்பூலுக்கு பிரான்சில் துலூஸ் அணியோடு ஆட்டம். 3-2 என்று தோற்றுவிட்டார்கள். இப்படி ஒரு நாளில் ஒரு தோல்வியைப் பற்றி யார் கவலைப்படப்போகிறார்கள்?

நவம்பர் 14-ஆம் தேதி அப்பாவும் மகனும் பரான்கியா நகரில் சந்தித்தார்கள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்துக்காக டியாஸ் தன் நாட்டு அணியோடு அங்கே வந்திருந்தார். எதிரணி யார் தெரியுமா? ஐந்து முறை உலகக் கோப்பையை வென்ற பிரேசில்! உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கொலம்பியா அதுவரை ஒருமுறைகூடப் பிரேசிலை வென்றதே இல்லை.

நவம்பர் 16. டியாஸ் ஜூனியர் அணிக்காக ஆடிய அதே மைதானம். பார்வையாளர் வரிசையில் அப்பா. ஆட்டம் தொடங்கி நான்காவது நிமிடத்திலேயே பிரேசில் கோல் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு நீண்ட நேரம் கொலம்பியா முட்டி மோதியும் பலனில்லை.

75-ஆவது நிமிடம். இடப்பக்கமிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார் டியாஸ். 1-1! கூட்டத்தின் இரைச்சல் அடங்கவில்லை. நான்கே நிமிடம் கழித்து ஜேம்ஸ் ரோட்ரிகஸ் அனுப்பிய பந்து. மறுபடியும் தலை. மறுபடியும் டியாஸ். 2-1!

அப்போது தொலைக்காட்சி கேமராக்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பார்வையாளர் பக்கம் திரும்பின. அப்பாவால் நிற்கக்கூட முடியவில்லை. அழுதபடி பின்னால் சாய்ந்துவிட்டார். சுற்றி இருந்தவர்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்கு முன்பு மலையில் கைதியாக இருந்த மனிதர் அவர்! கொலம்பியா ஜெயித்தது. தலையால் முட்டுவதில் டியாஸ் அப்படியொன்றும் பேர்போனவர் அல்ல. ஆனால் லூட்டனில் ஒன்று, இங்கே இரண்டு என்று இந்த மூன்று கோலையும் தலையால்தான் அடித்தார்.

ஜோட்டாவுக்கு ஒரு கோல்

அதற்குப் பிறகு டியாஸ் நிறையவே பார்த்துவிட்டார். 2024-இல் கொலம்பியா கோப்பா அமெரிக்கா இறுதி ஆட்டம் வரை போய் அர்ஜென்டினாவிடம் 1-0 என்று தோற்றது. 2025-இல் லிவர்பூல் பிரீமியர் லீக் கோப்பையை வென்றது. அந்த அணியில் டியாஸும் இருந்தார், ஜோட்டாவும் இருந்தார்.

கோப்பையை வென்ற சில வாரங்களிலேயே, 2025 ஜூலை 3-ஆம் தேதி, ஸ்பெயினில் நடந்த ஒரு கார் விபத்தில் டியோகோ ஜோட்டா இறந்துபோனார். கூடவே அவருடைய தம்பியும். ஜோட்டாவுக்கு வயது 28-தான். அவர் போட்டிருந்த 20-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று லிவர்பூல் முடிவு செய்தது.

அதே மாதக் கடைசியில் டியாஸ் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப்புக்கு மாறினார். ஆகஸ்ட் 16 அன்று ஜெர்மனியின் சூப்பர் கோப்பை ஆட்டம். புது அணிக்காக முதல் போட்டி ஆட்டம்.

ஜோட்டாவுக்கு வீடியோ கேம் என்றால் கொள்ளைப் பிரியம். அதனால் கோல் அடித்தால் மைதானத்தில் உட்கார்ந்து, கையில் வீடியோ கேம் கருவி இருப்பதுபோல இரண்டு கட்டைவிரல்களையும் ஆட்டிக் காட்டுவார். அதுதான் அவருடைய கொண்டாட்டம்.

அன்று டியாஸ் கோல் அடித்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, இல்லாத ஒரு வீடியோ கேமைக் கொஞ்ச நேரம் விளையாடினார்.